நடுப்பாறையில் ஈஸ்வரி

“அமாவாசை அக்கா! அமாவாசை அக்கா யாருங்க?”

கையில் பட்டியலோடு அனுப்பிரியா கூவினாள். யாரும் கை தூக்கவில்லை. ஈஸ்வரி மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

அமாவாசை அவள் பக்கத்தில்தான் நின்றார். கிராப்பு வெட்டிய தலை, மடித்துக் கட்டிய கைலி. ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பது பெண்கள் சோலி, மரமேறிக் கிளை வெட்டி நிழல் கழிப்பது ஆண்கள் சோலி. அமாவாசை இரண்டுக்கும் போவார். புதிதாக வந்த கங்காணி ஒருத்தன், “நீ ஆம்பளையா பொம்பளையா?” என்று கேட்டபோது, “நான் அமாவாசை. அது போதாதா ஒனக்கு?” என்றதோடு சரி. அப்புறம் யாரும் கேட்டதில்லை. ஈஸ்வரிக்கு அவர் ‘அப்பு’. பதினேழு வருசமாகப் போடியிலிருந்து ஒரே ஜீப்பு, ஒரே தூக்குவாளிச் சோறு.

போடிமெட்டுக்குக் கீழே அந்தப் பாறையடியில் பெங்களூரு, கொச்சி என்று பல ஊர்களிலிருந்தும் அறுபது பேர் வந்திருந்தார்கள். பாறையேறும் விழா. ராசிங்காபுரத்து அனுப்பிரியா, தோட்டத்து ஆட்களும் வர வேண்டும் என்று ஜீப்பு நிற்கிற இடத்துக்கே வந்து கூப்பிட்டிருந்தாள். செல்போனில் விண்ணப்பம். கொண்டை ஊசி வளைவில் வண்டி குலுங்கக் குலுங்க, ஈஸ்வரிதான் இரண்டு பேருக்கும் நிரப்பினாள்.

“நாந்தான் தாயி அமாவாசை. அக்கா இல்ல” என்றார் அமாவாசை.

அனுப்பிரியா நாக்கைக் கடித்துக்கொண்டாள். “மன்னிச்சிருங்க. விண்ணப்பத்துல ‘பெண்’னு இருந்துச்சு. ஆண், பெண் ரெண்டுலயும் சேராதவங்களுக்கும் சேத்துத்தாங்க இந்த விழா. அழைப்புல ரெண்டாவது வரியே அதான்.”

அமாவாசை திரும்பி ஈஸ்வரியைப் பார்த்தார்.

“அப்பு, நான் மொத வரிதான் படிச்சேன். ‘பெண்கள் பாறையேறும் விழா’ன்னு...”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஒருவர் ஏற, அவருடைய ஜோடி கீழே நின்று கயிறு பிடிக்க வேண்டும். பட்டியலில் ஈஸ்வரிக்கு ஜோடி அமாவாசை. அனுப்பிரியா சொல்லிக்கொடுக்க, அமாவாசை முகத்தை வேறுபக்கம் வைத்துக்கொண்டே ஒருமணி நேரம் பழகினார். ஈஸ்வரியின் இடுப்புப் பட்டியை இரண்டுமுறை இழுத்துப் பார்த்து இறுக்கினார். பேச்சு மட்டும் இல்லை.

ஈஸ்வரி ஏறினாள். பத்தடி, இருபதடி. பாதிப் பாறைக்கு வந்ததும் வலது கால் தையல் மிஷின் மாதிரி ஆடத் தொடங்கியது.

“அப்பூ!”

பதில் இல்லை.

“கயிறு இறுக்கமாத்தான் இருக்கு, ஏறுங்கக்கா!” என்றாள் அனுப்பிரியா.

“அப்பு ‘ஓ’ போடாம நான் நகர மாட்டேன் தாயி!”

“அது என்ன ஓ?”

வரிசையில் நின்ற தோட்டத்து மொக்கம்மாள்தான் விளக்கினாள். “நெழல் கழிக்கும்போது மரத்துல ஒராளு, கீழ கயித்தோட ஒராளு. மேல இருக்கவக கூப்பிட்டா, கீழ இருக்கவக ‘ஓ’ போடணும். போடாட்டி மேல இருக்கவக அசையக் கூடாது. எங்க தோட்டத்து வழக்கம். இந்தாளு கோவத்துல இருக்கு, இவ எறங்குன மாதிரிதான். மத்தியானச் சோத்த மேலயே அனுப்பீருங்க.”

சிரிப்பு எழுந்தது. ஈஸ்வரிக்குச் சிரிப்பு வரவில்லை. கயிறு அறுந்துவிடும் என்ற பயமில்லை அவளுக்கு. நாளைக்கு ஜீப்பிலும் இந்த ஆள் இப்படியே வாயை மூடிக்கொண்டு வந்தால் என்ன செய்வது?

“அப்பு, தப்புதான்! பொம்பளைன்னு போடாட்டி ஒன்னைய உள்ள விடமாட்டாகன்னு பயந்துட்டேன்!”

கீழிருந்து அமாவாசையின் குரல்: “விடாட்டி போறேன். எனக்கென்ன, பாறையா இல்ல இந்த மலையில?”

“நீயில்லாம நான் வரமாட்டேன்ல!”

“அதுக்கு? யாரு என்ன வேணாலும் சொல்லட்டும், எனக்கு ஒண்ணுமில்ல. ஒனக்குத் தெரியும்ல? ஒரு வார்த்த கேட்டியா என்னைய?”

“கேக்கல.”

“பக்கத்துலதான ஒக்காந்திருந்தேன்!”

“கேட்டிருக்கணும் அப்பு. ஒனக்கு என்ன எழுதணும்னு நீதான் சொல்லணும். நான் யாரு எழுத?” பாறையில் மூக்கைத் துடைக்க வழியில்லை, தோளில் தேய்த்துக்கொண்டாள்.

கீழே யாரும் இப்போது சிரிக்கவில்லை. மொக்கம்மாள்கூட.

“அழுகாத. கண்ணு மறைக்கும்.”

“கால் ஆடுது.”

“ஆடட்டும். எடது பக்கம், முழங்காலுக்கு மேல ஒரு பொந்து இருக்கு பாரு. வலது கையில இருக்கிறத விட்றாத.”

பொந்து இருந்தது. ஈஸ்வரி பார்த்தாள், ஆனால் காலைத் தூக்கவில்லை.

“இன்னும் என்ன?”

“நீ ஓ போடல.”

“இம்புட்டு நேரம் பேசுறேனே, அது பத்தாதா?”

“பத்தாது.”

“புடிவாதக்காரி...” அமாவாசை கால்களை அகட்டி ஊன்றினார். மலை அதிரக் கத்தினார்: “ஓஓஓ! ஏறு. எறங்கி வா, ஒனக்கு இருக்கு!”

ஈஸ்வரி இடது காலைப் பொந்தில் வைத்து எழுந்தாள்.