கழுவிய மாவு

"நீ ரொட்டி தின்னுருக்கே," என்றாள் நர்ஸ் மஹ்ஜூபா.

"சத்தியமா இல்ல."

"ரத்தம் சொல்லுதே, சல்கா. நோயைக் கண்டுபிடிச்ச அன்னிக்கு ரத்தத்துல அதோட அளவு எவ்வளவு இருந்துச்சோ, இன்னிக்கும் அவ்வளவுதான் இருக்கு. கோதுமைய விட்டவளுக்கு இந்நேரம் நல்லா இறங்கிருக்கணும்."

சல்கா தலையைக் குனிந்துகொண்டாள். திந்தூஃப் பக்கத்துப் பாலைவனத்தில் இருந்த அந்த சஹ்ராவி அகதி முகாமில், கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் யாருக்கும் புதிதல்ல. ரேஷனில் வருவதே கோதுமை மாவுதான். அதைத் தின்று வயிறு உப்பி, கால் சூம்பிய பிள்ளை தெருவுக்கு ஒன்று இருந்தது. கல்யாணமாகி இரண்டு கரு கலைந்த பிறகுதான் சல்காவைப் பரிசோதித்தார்கள். ரத்தம் எடுக்கும் நாள்வரை ரொட்டியை விடாதே, விட்டால் சோதனையில் நோய் பிடிபடாது என்று அப்போது மஹ்ஜூபாதான் சொன்னாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தின்றாள். முடிவு வந்ததும் அதே மஹ்ஜூபா, இனி ஒரு துண்டுகூடக் கூடாது என்றாள். அன்றிலிருந்து மருந்தகத்தில் கொடுக்கும் சோள மாவுதான். அப்படியும் கோடையில் மூன்றாவதும் நிற்கவில்லை.

"நீயே திருட்டுத்தனமா தின்னு நீயே கெடுத்துக்கிறே," என்று அப்போது வீட்டில் சொன்னான் அவள் கணவன் லெஹ்பீப். இந்தச் சோதனையிலும் இறங்கவில்லை என்றால் அவளோடு இனி வாழ்வதில்லை என்றும் சொல்லியிருந்தான்.

"நான் தின்னல," என்றாள் சல்கா மஹ்ஜூபாவிடம் மறுபடியும். அவளுக்குக் குரல் எழும்பாது. எப்போதும் அப்படித்தான்.

மஹ்ஜூபா சோதனைத் தாளைக் கீழே வைத்தாள். "உனக்கு யாரு மாவு பிசையிறது?"

"நாத்தனார்."

மஹ்ஜூபா எழுந்து கதவைச் சாத்தினாள். மாவைத் தண்ணீரில் எப்படிக் கழுவிப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள்.

அன்று மதியமே சல்கா தனியாகச் செய்து பார்த்துவிட்டாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து படுத்தாள். லெஹ்பீப் கேட்டபோது, முடிவு இன்னும் வரவில்லை என்று வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பொய் சொன்னாள். அது சுலபமாகவே வந்தது.

லெஹ்பீப்பின் அக்கா தெக்பர் வழக்கம்போல உள்ளே எட்டிப் பார்த்தாள். அவள் கூடாரத்துக்கும் சல்காவின் கூடாரத்துக்கும் நடுவே இருந்த மண்கல் சமையலறை இருவருக்கும் பொது.

"நீ படுத்துக்கோடி. நான் பிசைஞ்சு வைக்கிறேன்."

"சரிக்கா."

அந்த ரொட்டியை ஆடுகளுக்குப் போட்டாள். அடுத்த நாளும் போட்டாள். சோற்றையும் ஒட்டக இறைச்சியையும் தின்றுகொண்டு வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருந்தாள். தெக்பரிடம் தனியாகக் கேட்டால் அவள் அழுவாள், சத்தியம் செய்வாள், சாயங்காலத்துக்குள் சல்காவே மன்னிப்புக் கேட்கும்படி ஆகிவிடும். அதனால் ஆட்கள் வேண்டும். தெக்பர் யார் முன்னால் தலை நிமிர்ந்து உட்காருவாளோ, அந்த ஆட்களே வேண்டும்.

வெள்ளிக்கிழமை தெக்பரின் தோழிகள் எல்லோரும் சல்காவின் கூடாரத்தில் தேநீருக்குக் கூடினார்கள். லெஹ்பீப் கரி அடுப்பருகே உட்கார்ந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தான். இரண்டாவது சுற்று முடிந்ததும் சல்கா ஒரு பேசினையும், தன் சோள மாவைக் கொட்டி வைக்கும் தகர டின்னையும், மருந்தகத்தில் கொடுத்த, பிரிக்காத ஒரு சோள மாவுப் பொட்டலத்தையும் கொண்டுவந்து நடுவில் வைத்தாள்.

"என்னடி, தேத்தண்ணிக்குத் தொட்டுக்க மாவா?" என்றாள் தோழிகளில் ஒருத்தியான எம்பார்க்கா. பெண்கள் சிரித்தார்கள்.

சல்கா பொட்டலத்தைப் பிரித்து ஒரு பிடி பிசைந்தாள். டின்னிலிருந்து ஒரு பிடி பிசைந்தாள். இரண்டு உருண்டைகளையும் கொஞ்சம் ஊறவிட்டாள்.

"அக்கா, தண்ணி ஊத்துங்களேன்."

தெக்பர் குடத்தைச் சாய்த்தாள். "தண்ணி லாரி வந்து எத்தனை நாளாச்சு, மகாராணி மாவு குளிப்பாட்டுறா."

பொட்டலத்து உருண்டை தண்ணீர் பட்டதும் கரைந்தது. பேசின் நிறைய மஞ்சள் தண்ணீர். சல்கா கையை விரித்துக் காட்டினாள். ஒன்றுமில்லை. பிறகு டின் மாவின் உருண்டையை எடுத்தாள். தண்ணீர் வெளுத்தது, மாவு கரைந்தது, ஆனால் உள்ளங்கையில் ஏதோ ஒட்டிக்கொண்டு நின்றது. பிசையப் பிசைய அது ஒன்று சேர்ந்தது. சாம்பல் நிறத்தில், மென்று துப்பிய சூயிங்கம் மாதிரி. சல்கா இரண்டு விரலால் இழுத்தாள். நீண்டது. விட்டாள். சுருங்கியது.

எம்பார்க்காவின் மகனுக்கும் இதே நோய். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "இது கோதுமைப் பசையாச்சே."

"குளூட்டன்," என்றாள் சல்கா. "சோளத்துல இது கிடையாது."

"பக்கத்துல எங்க மாவைச் சலிக்கிறேன்ல," என்றாள் தெக்பர். "காத்துல பறந்து விழுந்திருக்கும்."

"பாதி டின்னா பறந்து விழும், அக்கா?"

தெக்பர் குடத்தைக் கீழே வைத்தாள். மேலாடையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"ஆமா, நான்தான் கலந்தேன். என்ன இப்போ? செத்தா போயிட்டே? தெரியாமத் தின்னா ஒண்ணும் ஆகாது, எல்லாம் இவ மனசுலதான்னு காட்டத்தான் கலந்தேன். எங்கம்மா ரொட்டியத் தின்னுதான் எங்க எல்லாரையும் பெத்தா. இவ ஒருத்திக்கு மட்டும் தனிப் பொட்டலம், தனிச் சட்டி!"

"ஒண்ணும் ஆகலையா?" சல்காவின் குரல் அப்போதும் எழும்பவில்லை. எல்லோரும் குனிந்து கேட்க வேண்டியிருந்தது. "கோடையில என்னைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினது நீங்கதானே அக்கா. ரத்தத்துல ஊறுன பாயைத் துவைச்சதும் நீங்கதான். துவைச்சுக் காயப்போட்டுட்டு, அதே கையோட வந்து மறுபடியும் எனக்கு மாவு பிசைஞ்சீங்களே. அன்னிக்கும் கலந்தீங்களா?"

தோழிகளில் ஒருத்தி தெக்பரை விட்டுக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். அந்த நகர்வைப் பார்ப்பதற்காகத்தான் சல்கா இத்தனை நாள் பொறுத்திருந்தாள். ஆசை தீரப் பார்த்தாள்.

அதற்குப் பிறகுதான் லெஹ்பீப்பின் பக்கம் திரும்பினாள். அவன் கையில் கெண்டி அப்படியே நின்றிருந்தது. உன்னைப் பொய்க்காரி என்றேனே என்று அவன் சொல்வான் என எதிர்பார்த்தாள். அதை மட்டும் சொன்னால் போதும்.

"அக்கா விவரம் தெரியாம செஞ்சுட்டா," என்றான் லெஹ்பீப். "இனிமே செய்ய மாட்டா. விடு, சல்கா. நாலு பேர் முன்னாடி எதுக்கு இதெல்லாம்?"

அவன் மூன்றாவது சுற்றை ஊற்றத் தொடங்கினான். தெக்பருக்குத்தான் முதல் கோப்பை.

இதுவரை சல்காவின் மனதில் குற்றவாளியாகத் தெக்பர் ஒருத்திதான் இருந்தாள். இப்போது இருவர். அவள் எழுந்து வெளியே போனாள். வெயில் இறங்கியிருந்தது. கூடாரத்தின் முதல் முளையின் கயிற்றை அவிழ்த்தாள். இரண்டாவதை அவிழ்த்தாள். மேற்குப் பக்கத் துணி தொய்ந்து உள்ளே இருந்தவர்களின் தலையில் உரசியது.

"ஏய், யாரது? காத்தா?" என்று உள்ளே கத்தினார்கள்.

"நான்தான்," என்றாள் சல்கா. "வெளிய வாங்க. கூடாரத்தைப் பிரிக்கிறேன். எங்கம்மா தெருவுக்குப் போறேன்."

பெண்கள் கோப்பைகளோடு குனிந்து குனிந்து வெளியே வந்தார்கள். அங்கே கூடாரம் பெண்ணுடையது, அவள் தாய் வீட்டார் தைத்துக் கொடுத்தது. தடுக்க யாருக்கும் உரிமையில்லை. எம்பார்க்கா தன் கோப்பையை மணலில் கவிழ்த்துவிட்டு எதிர்ப்பக்கக் கயிற்றுக்குப் போனாள். இன்னொருத்தி குலவையிட்டாள்.

நடுக்கம்பம் சாய்ந்தபோது உள்ளே தெக்பரும் லெஹ்பீப்பும் மட்டும்தான் இருந்தார்கள். துணி மெதுவாக இறங்கி இருவரையும் மூடியது. கரி அடுப்பு பேசின் தண்ணீரில் கவிழ்ந்து அணையும் சத்தம் கேட்டது. துணிக்கடியில் இரண்டு மேடுகள் வழி தெரியாமல் இங்குமங்கும் ஊர்ந்தன. சல்கா கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தாள். உதவிக்குப் போன ஒருத்தியைத் தோளைத் தொட்டு நிறுத்தினாள்.

தெக்பர் முதலில் வெளியே வந்தாள். மேலாடையெல்லாம் தேநீரும் பேசின் தண்ணீரும். யார் முகத்தையும் பார்க்காமல் தன் கூடாரத்துக்கு நடந்தாள்.

லெஹ்பீப் தலையில் மணலோடு எழுந்து நின்றான்.

"பைத்தியமாடி உனக்கு? நான் எங்க படுக்கிறது?"

"உங்கக்காகிட்ட கேளுங்க," என்று சொல்லிவிட்டு, சல்கா அடுத்த முளையைப் பிடுங்கக் குனிந்தாள்.