வலது பக்கத்தான்

எங்களுக்குப் பிடித்த மெட்டல் இசைக்குழு எங்களை ஏமாற்றிவிட்டது. இத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்திய மனுஷன், புது ஆல்பத்தில் குழந்தையைத் தூங்கவைக்கிற மாதிரி பாடுகிறான். முதல் பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நானும் அக்காள் வீட்டுக்காரரும் ஒரே டிங்கரிங் பட்டறையில் வேலை செய்கிறோம். புது ஆல்பம் வந்தால், ரிப்பேருக்கு வந்த ஏதாவது காருக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஆளுக்கொரு இயர்போன். அவருக்கு வலது, எனக்கு இடது. கடைசிப் பாட்டு முடியும்வரை யாரும் வாய் திறக்கக்கூடாது. அப்புறம்தான் சண்டை. குழுவில் இரண்டு கிடார்காரர்கள்; ஒருவன் வாசிப்பது வலது இயர்போனில் மட்டும் கேட்கும், மற்றவன் வாசிப்பது இடதில் மட்டும். வலது பக்கம் வாசிக்கிற கிடார்காரன்தான் கில்லாடி என்பார் அவர். இடது பக்கத்தான் என்பேன் நான். பாதிப் பாதியாகக் கேட்டுவிட்டு முழுசாகச் சண்டை போடுவோம்.

தகடு தட்டித் தட்டியே போன வருஷம் மாமாவின் வலது காது போய்விட்டது. மிச்சமிருக்கும் காதுக்குப் பெரிய சத்தமே ஆகாது என்றார் டாக்டர். மாமா பாட்டு கேட்பதையே விட்டுவிட்டார். இப்போது பெயிண்ட் வேலை மட்டும்தான். இனி அவரோடு சேர்ந்து கேட்கவே முடியாதோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

நான் தனியாக உட்கார்ந்திருந்த காரின் கண்ணாடியை யாரோ தட்டினார்கள். மாமாதான்.

"என்ன மாப்ள, மூஞ்சி உம்முனு இருக்கு?"

"நம்ம ஆளுங்க மோசம் பண்ணிட்டாங்க மாமா. ஒரே தாலாட்டு."

"கத்தலே இல்லயா?"

"மருந்துக்குக்கூட இல்ல."

மாமா சுற்றி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தார். "தள்ளி உக்காரு."

இடது இயர்போன் அவருக்கு, வலது எனக்கு. சத்தத்தை நன்றாகக் குறைத்து முதலிலிருந்து போட்டேன்.

வலது பக்கத்தான் அவசரமே இல்லாமல், ஒவ்வொரு தந்தியாகத் தொட்டுத் தொட்டு வாசித்தான். இவனுக்காகத்தான் மாமா என்னோடு மல்லுக்கு நின்றிருக்கிறார். திரும்பிப் பார்த்தேன். மாமா கண்ணை மூடிக்கொண்டு விரலால் முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

கடைசிப் பாட்டு முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மாப்ள, உன் இடது பக்கத்தான்தான்டா கில்லாடி."

"அதெல்லாம் இல்ல மாமா. வலதுதான்."

"உனக்கென்னடா தெரியும்?"

ஒரு வருஷத்துக்கு அப்புறம் ஆசை தீரச் சண்டை போட்டோம், அவர் காதுக்காகக் கிசுகிசுத்தபடியே.