ஐந்தாம் தொட்டில்

மூன்றாம் தொட்டிலின் மானிட்டர் திடீரென்று அலறியது.

விஜி கையிலிருந்த சிரிஞ்சை அப்படியே தட்டில் போட்டுவிட்டு ஓடினாள். திரையில் ஆக்சிஜன் அளவு மளமளவென்று இறங்கிக்கொண்டிருந்தது. நேற்று வரை காலை உதைத்து விளையாடிய ஜோதிகாவின் பிள்ளை, மூச்சு விடுவதையே மறந்தவன் போலச் சாம்பல் நிறத்தில் கிடந்தான்.

"ராகேஷ், டாக்டரைக் கூப்பிடு! ஓடு!"

உள்ளங்காலைச் சுண்டினாள். முதுகைத் தேய்த்தாள். அசைவில்லை. டாக்டர் கிருஷ்ணப்பிரியா வந்து தொண்டையில் குழாய் இறக்கி, மெஷினில் மாட்டி, திரையில் எண்கள் மேலே ஏறுவதற்குள் வார்டில் இருந்த அத்தனை பேருக்கும் உயிர் போய் உயிர் வந்தது.

டாக்டர் கையுறையைக் கழற்றிக் கூடையில் எறிந்தார்.

"இதுவும் அதே மாதிரிதான் தெரியுது விஜி. மூணாவது."

முதல் குழந்தை போன வாரம் கையை விட்டுப் போய்விட்டது. இரண்டாவது, இன்னும் மெஷினில் இழுத்துக்கொண்டிருந்தது. இரண்டின் ரத்தத்திலும் ஒரே கிருமி. சாதாரண மருந்துக்கெல்லாம் மசியாத முரட்டுக் கிருமி.

அம்பத்தூரிலிருந்து அயனம்பாக்கம் ஏரிக்குப் போகிற சாலையில் இருக்கிறது அந்தக் குழந்தைகள் மருத்துவமனை. மாதம் நிறையாமல் பிறந்தவர்களுக்கென்று மாடியில் தனி வார்டு, ஆறு தொட்டில்கள். விஜிதான் அங்கே தலைமை நர்ஸ். கிருமி உள்ளே நுழையாமல் பார்த்துக்கொள்வதும் அவள் பொறுப்பு.

அது போதாதென்று, ஐந்தாம் தொட்டிலில் படுத்திருந்தது அவளுடைய அண்ணன் மகன்.

அண்ணன் அரவிந்தன் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவன். கோயில் குளமெல்லாம் சுற்றி, ஊர் வாயையெல்லாம் பொறுத்துக்கொண்டு அண்ணி அனுசுயா பெற்ற பிள்ளை. ஏழாம் மாதத்திலேயே அவசரப்பட்டு வந்துவிட்டான். "உன் கையில உட்டுட்டேன் விஜி. நீ பாத்துக்கினா போதும்" என்று அண்ணன் அன்றைக்குச் சொன்னது அவள் காதிலேயே நின்றது.

"டாக்டர், அஞ்சாம் தொட்டிலை வேற ஆஸ்பத்திரிக்கு மாத்திடலாமா?"

"எடையைப் பாரு விஜி. நம்ம ரோட்டுல ஆம்புலன்ஸ் குலுக்கலுக்கே தாங்காது. அதோட, கிருமி ஏற்கெனவே ஒட்டியிருந்தா? போற இடத்துல இருக்கிற பிள்ளைங்களுக்கும் சேர்த்து எடுத்துட்டுப் போவோம்."

விஜி ஐந்தாம் தொட்டிலின் போர்வையைச் சரிசெய்தாள்.

"லேப்ல என்ன சொன்னாங்க?"

"எல்லாமே சுத்தம் டாக்டர். குழாய்த் தண்ணி, சளி உறிஞ்சுற மெஷின், பால் கிண்ணம், எல்லார் கையும். எதுலயும் இல்ல."

"அப்போ நாம பார்க்காத ஒண்ணு இருக்கு." டாக்டர் ஆறு தொட்டில்களையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "விசிட்டர்ஸை நிறுத்திட்டோம். அப்புறமும் மூணாவது விழுந்திருக்கு. வெளியாள் இல்ல விஜி. உள்ள இருக்கிறவங்கதான் யாரோ."

அந்த வார்த்தை விஜியின் முதுகில் ஐஸ் தண்ணீரை ஊற்றியது போல இறங்கியது.

அன்று காலை முழுவதும் ஒவ்வொருவர் கையாகக் கண்கொத்திப் பாம்பு மாதிரி பார்த்துக்கொண்டே திரிந்தாள். வார்டு பையன் ராகேஷின் மணிக்கட்டில் அழுக்கேறிய சிவப்புக் கயிறு ஒன்று தெரிந்தது. கத்தரிக்கோலை எடுத்தாள்.

"ஐயையோ சிஸ்டர்! திருவேற்காட்டுக் கோயில்ல கட்டினது. எங்கம்மா உயிரை எடுத்துடும்."

"இங்க ரெண்டு உயிர் ஊசலாடுது. கையை நீட்டு."

கயிறு அறுந்து விழுந்தது. ராகேஷ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனான். கைகழுவும் தொட்டியருகே நின்றிருந்த ராஜம்மா சிரித்தாள்.

"நல்லா அறு. இன்னா சொன்னாலும் இந்தப் பசங்களுக்கு ஒறைக்காது. மோதிரத்தைக்கூட கயட்டாம கை கய்வுறான் அவன்."

ராஜம்மா அந்த வார்டின் ஆயா. முழங்கை வரை சோப்பு நுரையோடு நகக்கண் வரை தேய்க்கிறவள். கை கழுவாமல் தொட்டிலை நெருங்கினால் பெரிய டாக்டரையே, "நைனா, மொதல்ல அங்க போ" என்று தொட்டிக்குத் திருப்பி அனுப்பிவிடுவாள். பரிசோதனையில் எல்லாக் கைகளையும்விடத் துப்புரவாக இருந்தது அவள் கைதான். அவளைப் பார்த்தபோது மட்டும்தான் விஜிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அடுத்து தாய்மார்கள். பால் எடுக்கும் அறையில் எல்லோரையும் உட்கார வைத்து விஜி கேட்டாள்.

"மறைக்காம சொல்லுங்க. யாராவது பிள்ளை வாயில ஏதாவது குடுத்தீங்களா? தேன், கிரைப் வாட்டர், கோயில் தீர்த்தம்? திட்டமாட்டேன்."

எல்லோரும் தலையை ஆட்டி மறுத்தார்கள். "எங்க பால தவிர ஒண்ணும் குடுக்கல சிஸ்டர், சத்தியமா" என்றாள் ஒருத்தி. பொய் சொல்கிற முகம் ஒன்றுகூட இல்லை.

விஜி ஒரு முடிவுக்கு வந்தாள். இனி ஐந்தாம் தொட்டிலை அவளைத் தவிர யாரும் தொடக்கூடாது. ஊசி, துணி மாற்றுவது, பால் எல்லாம் அவள் கையாலேயே. மத்தியானம் அனுசுயா பால் கிண்ணத்தை மூடிக் கொண்டுவந்தபோது வாசலிலேயே வாங்கிக்கொண்டாள். சிரிஞ்சில் எடுத்து, குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறக்கினாள். கடைசியாக ஒரு துளியை விரலில் தொட்டு அவன் உதட்டில் வைத்தாள். பொடியன் சப்புக்கொட்டினான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. எத்தனையோ நாளைக்கப்புறம் வந்த சிரிப்பு.

சாயங்காலம் ஜோதிகாவைப் பார்க்கப் போனாள். நெமிலிச்சேரிப் பெண். படிக்கட்டோரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தாலும் கண்ணில் ஒரு பிடிவாதம் இருந்தது.

"என் புள்ளைக்கு ஒண்ணும் ஆவாது சிஸ்டர். அவன் பெரிய இஞ்சினீரா வருவான். சேனை வெச்ச கை அப்டிப்பட்ட கை."

விஜிக்கு ஒரு கணம் எதுவும் விளங்கவில்லை. பிறகு அவள் எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

பிறந்த குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பது சேனை. வைக்கிறவர் குணமும் அதிர்ஷ்டமும் பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும் என்று நம்பாத வீடு அந்தப் பக்கத்தில் இல்லை.

"சேனை வெச்சீங்களா? காலைல கேட்டேனே ஜோதிகா! வாயில ஒண்ணும் குடுக்கலன்னு சத்தியம் பண்ணீங்களே!"

"அது இன்னா சாப்பாடா சிஸ்டர்?" ஜோதிகா நிஜமாகவே திகைத்தாள். "சேனைதான? எல்லாப் புள்ளைக்குந்தான் வெச்சாங்க."

"யாரு வெச்சது?"

ஜோதிகா மாடிப் பக்கம் கையைக் காட்டினாள். "ராஜம்மாக்கா. அவங்க புள்ள ராக்கெட் உடுற ஆபீஸ்ல இஞ்சினீரு. கூட்டிப் பெருக்குற ஊட்டுல பொறந்து அந்த எடத்துக்குப் போயிருக்குதே, எப்பேர்ப்பட்ட கை அது! நாங்கதான் கெஞ்சிக் கேட்டோம். பைசா வாங்கமாட்டாங்க. புள்ள சொணங்கினா மறுபடியும் ஒரு சொட்டு வெப்பாங்க."

விஜி மாடிக்கு ஓடினாள்.

ராஜம்மா அழுக்குத் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னா விஜி, பேயறைஞ்ச மாதிரி வர்ற?"

"சேனை பாட்டிலைக் குடுக்கா."

ராஜம்மா மறைக்கவில்லை. இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து, கண் மருந்து வருகிற சின்னப் பாட்டில் ஒன்றை எடுத்து நீட்டினாள். விஜி அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். உள்ளே தண்ணீர் கலங்கலாக இருந்தது. அடியில் மூக்குச்சளி போல ஏதோ ஒன்று மெல்ல அசைந்தது.

"இத எப்போ கழுவின?"

"அத ஏன் கய்வணும்? தீரத்தீர சக்கரயும் தண்ணியும் ஊத்திக்கிறதுதான். என் மவனுக்கு வெச்ச சேனையோட மிச்சத்துலதான் தொடங்கினேன். கய்வினா ராசி பூடும்ல?"

அத்தனை சுத்தமான கை. அந்தக் கை தினமும் இதைச் சுமந்துகொண்டு தொட்டில் தொட்டிலாகப் போயிருக்கிறது.

"அக்கா... அந்த மூணு பிள்ளைங்களும் இதாலதான்."

ராஜம்மா சிரிக்கப் பார்த்தாள். விஜியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. தன் உள்ளங்கைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"அஞ்சாம் தொட்டில்?" விஜி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அவனுக்கு வெச்சியா? சொல்லுக்கா!"

"இல்ல... உன் அண்ணாத்தே கேட்டாரு. படிச்ச அத்தக்காரி நீ இருக்கிறப்ப நான் வெக்கறது மொறையில்லன்னு சொல்லிட்டேன். நான் அவன் கிட்டயே போவல விஜி." வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தவள் பாட்டிலைப் பார்த்ததும் அதை மறந்தாள். "நானா? என் கையாலயா?" என்று முனகியபடி மூட்டைமேலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

விஜி அவள் தோளை விட்டாள். பாட்டிலை உறையிலிட்டு ஓடிப்போய் டாக்டரிடம் கொடுத்தாள். டாக்டர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்குத்தான் இவ்வளவு நாள் சுவத்தையெல்லாம் தேய்ச்சோமா!" என்றார். "லேபுக்கு அனுப்பு. யார் யாருக்கு வெச்சாங்கன்னு கேட்டு, அந்தப் பிள்ளைங்களுக்கெல்லாம் இப்பவே மருந்து ஆரம்பிக்கணும். உன் அண்ணன் பையன்?"

"அவனுக்கு வெக்கல டாக்டர். நல்லவேளை."

மற்ற தாய்மார்களிடம் சொல்வதற்கு முன் அண்ணியிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அனுசுயா பால் எடுக்கும் அறையில் தனியாக உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, விஷயம் தெரிஞ்சுபோச்சு. ராஜம்மாக்கா எல்லாப் பிள்ளைக்கும் சேனை வெச்சிருக்காங்க. அந்தத் தண்ணியிலதான் கிருமி. நம்ம பையன் தப்பிச்சான். அவனுக்கு மட்டும் வெக்கல."

அனுசுயாவின் விரல்கள் பின்னலிலேயே நின்றுவிட்டன. உதடு வெளுத்தது.

"என்ன அண்ணி? என்ன ஆச்சு?"

"ராஜம்மாக்கா மாட்டேன்னதும், புள்ள உன்ன மாதிரியே வரணும், உன் கையாலதான் சேனை வெக்கணும்னு உங்க அண்ணன் ஒத்தக்கால்ல நின்னாரு விஜி... நீ ஒத்துக்கமாட்டன்னுதான், ராஜம்மாக்கா கிட்ட அந்தத் தண்ணிய வாங்கி, மத்தியானம் நீ குடுத்த பால்ல கலந்துட்டேன்."