நாலு நாள் பட்டினி

க்ளூகோஸ் தண்ணீர் டம்ளரில் காத்திருந்தது. பிரிஜெட்டின் கை அதன் பக்கம் போகவில்லை. ஆறு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"அக்கா, கடைசி மூணு நாளும் எப்பவும்போல சாப்பிட்டீங்கல்ல? சோறு, சப்பாத்தி எல்லாம்?" என்றாள் ரத்தம் எடுக்கும் பெண் அனன்யா. பிரேசர் டவுனின் அந்தச் சிறிய லேபில் காலைக் கூட்டம்.

"சாப்பிட்டேனே."

பொய். நாலு நாளாக வெள்ளரிக்காயும் மோரும்தான். ரிசல்ட்டில் சர்க்கரை என்று வந்துவிடக் கூடாது. போன தடவை எட்டாம் மாதத்தில் பிள்ளையின் அசைவு நின்றுபோனது. காரணம் தெரியவில்லை என்றார் டாக்டர். அப்போது இந்தச் சோதனைக்கே அவள் போகவில்லை. தினமும் சாயங்காலம் ஆசை ஆசையாக மைசூர்பாக் தின்றாள். இப்போது சர்க்கரை இருந்தால், அப்போதும் இருந்திருக்குமோ? தன் வாய்தான் தன் பிள்ளைக்கு எமனாகிவிட்டதோ?

டம்ளரை எடுத்தாள்.

"அவ சாப்பிடல," என்றான் பின்னால் நின்ற அவள் கணவன் ஆஷ்லி. "டிபன் பாக்ஸ் சோறு அப்படியே குப்பையில கிடந்துது, பிரிஜெட். நாலு நாளா பாத்துட்டுதான் இருக்கேன்."

"அப்ப ஏன் கேக்கல?"

"கேட்டா நீ காரணம் சொல்லுவ. அந்த மைசூர்பாக்கை தினம் வாங்கிட்டு வந்தவன் நான்தானே."

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். ஒரே பயத்தை வைத்துக்கொண்டு, ஒரே கட்டிலில், ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார்கள்.

அனன்யா டம்ளரை வாங்கி வைத்தாள். "நல்லவேளை சொன்னீங்கண்ணா! பட்டினி கிடந்துட்டு இதைக் குடிச்சா ரிசல்ட்டே தப்பா வரும். மூணு நாள் சோறு, சப்பாத்தின்னு நல்லா ஊட்டா பண்ணிட்டு வாங்க அக்கா. ஆனா டாக்டர் இன்னொரு டெஸ்ட்டும் எழுதியிருக்காங்க, மூணு மாச சர்க்கரையோட சராசரி. அதை இன்னிக்கே எடுத்துடலாம். நாலு நாள் பட்டினியெல்லாம் அதுகிட்ட பலிக்காது."

மூன்று மாதம். கதவு பக்கத்தில்தான் இருந்தது. எழுந்து போய்விடலாம்.

"இருக்குன்னு வந்தா?" என்றாள் ஆஷ்லியிடம்.

"வந்தா இந்தப் பிள்ளைக்கு வைத்தியம் இருக்கு." அவன் அவள் கையைப் பிடித்தான். "அந்தப் பிள்ளைக்காக ரெண்டு பேரும் சேந்து அழுவோம்."

சுடிதார் கையை ஏற்றிவிட்டு நீட்டினாள். ஊசி இறங்கியது. அவள் கண்ணை மூடவில்லை. குழாயில் ஏறும் கருஞ்சிவப்பையே பார்த்தாள். மறு கை கணவனின் விரல்களை நெரித்த நெரிப்பில், "ஆ" என்றது அவன்தான்.