ஏழு கோயில்களும் ஒரு தூக்குச்சட்டியும்

1

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பில் பிறந்தது. இன்று ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன். காலை ஒன்பதரைக்கு ஒரு பெண் என்னைக் கூப்பிட்டாள். அறுபத்தாறு வயதான அவளுடைய அம்மா தர்கேலியா, தூக்குச்சட்டி நிறைய ஃபனெஸ்கா சூப்போடு, இந்த நாளில் ஏழு தேவாலயங்களைச் சுற்றிவரும் ஏழு கோயில் நடைக்குக் கிளம்பிவிட்டாளாம். பஸ்ஸில் போகச் சொன்னால் கேட்கவில்லையாம். ஏழாவது கோயிலுக்கும் மேலே, சான் ஹுவான் மேட்டில், தர்கேலியாவின் தம்பி லியோனிடாஸ் இருக்கிறான். ஆறு வருஷமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. சனிக்கிழமை அவன் இந்தக் கித்தோ நகரை விட்டு ஸ்பெயினுக்கு, மகனிடமே போய்விடுகிறான். அதற்குள் அவன் அவளுக்குக் கதவைத் திறப்பானா? அவ்வளவுதான் கதை.

2

முதல் வரிக்கு நான் பட்ட பாடு.

"மலைகளின் மடியில் உறங்கும் கித்தோ—" சீ! தூங்குகிற ஊரா இது?

"இரண்டாயிரத்து எண்ணூற்றைம்பது மீட்டர் உயரத்தில்—" பள்ளிக்கூடப் பாடம் மாதிரி இருக்கிறது.

"தர்கேலியா சாந்தோ தொமிங்கோ கோயிலில் முதல் மெழுகுவத்தியை ஏற்றினாள்." இது போதும். நடக்கிறவளை நடக்க விடுவோம்.

3

நடக்கிறாள். எங்கள் தெருக்களுக்கு வளைந்து போகத் தெரியாது. எதிரே மலை வந்தால் அப்படியே நேராக மேலே ஏறும். அந்தத் திமிர் எனக்கு ரொம்பப் பிடிக்கும். சான் பிரான்சிஸ்கோ சதுக்கத்துக் கல்லெல்லாம் ஜனங்கள் நடந்து நடந்தே வழவழத்துக் கிடக்கிறது. கொம்பாஞியா கோயிலுக்குள் தங்கம் கண்ணைக் கூசவைக்கிறது. தர்கேலியா தங்கத்தைப் பார்க்கவில்லை. சட்டியைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு, கூட்டத்தில் எவனும் இடித்துவிடாமல் காவல் காக்கிறாள்.

லா மெர்செத் கோயில் வாசலில் மெழுகுவத்தி விற்பவள் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, சட்டில என்ன? வாசனை ஆளத் தூக்குதே!"

"ஃபனெஸ்கா. தம்பிக்கு."

"அந்த மொறச்சுக்கிட்டுப் போனவனுக்கா? அவந்தான் பேசவே மாட்டானே."

"பேச வேணாம்டி. திங்கிறதுக்கு வாயத் தொறந்தாப் போதும்."

(இந்தப் பேச்சு என் கற்பனை. ஆனால் தர்கேலியா இதைத்தான் சொல்லியிருப்பாள், பந்தயம் கட்டுகிறேன்.)

4

இந்த லியோனிடாஸ்தான் எனக்குச் சரியாக வரமாட்டேன் என்கிறான். "கோபக்காரன், ஆனால் மனசு தங்க—" அடித்துவிட்டேன். "அக்காவின் ஒரு சொல் அவனைப் புண்படுத்தி—" பொய். அதையும் அடித்தேன்.

சரி, எத்தனை நாள்தான் மறைப்பது? லியோனிடாஸ் நான்தான். காலையில் கூப்பிட்டவள் என் அக்கா மகள் நூபியா. "மாமா, அம்மா கெளம்பிட்டா. தயவுசெஞ்சு எங்கயும் போயிராதீங்க" என்றாள்.

நடந்தது இதுதான். ஃபனெஸ்கா என்றால் பன்னிரண்டு வகைத் தானியமும் பயறும், பூசணி, பால், கருவாடு. மொச்சை, சோளம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தோல் உரிக்க வேண்டும். ஒரு ஆளால் முடிகிற வேலையில்லை. புதன்கிழமையே வீட்டோடு உட்கார்ந்து, ஊர்க்கதை பேசிக்கொண்டே உரிப்போம். ஆறு வருஷத்துக்கு முன், அத்தான் இறந்து ஒரு மாதம்கூட ஆகாத பெரிய வியாழனன்று, பந்தியில் பத்துப் பேர் இருக்க, கரண்டியை வைத்துவிட்டு நான் கேட்டேன்: "என்னக்கா, மொச்சையத் தோலோடயே போட்டுட்ட? இத நாய் திங்குமா?"

அவள் என் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

(அந்தப் புதன்கிழமை நான் உரிக்கப் போகவில்லை. சாவு வீட்டில் என்ன பேசுவது என்று தெரியாமல், ஒரு கடையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன். நூபியா ஊரில் இல்லை. அக்கா தனியாக உட்கார்ந்து உரித்திருக்கிறாள். முடிந்தவரை உரித்திருக்கிறாள். இதை அடைப்புக்குறிக்கு வெளியே எழுத எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.)

5

மணி ஒன்றே முக்கால். மழை இருட்டிக்கொண்டு வர, விளக்கைப் போட்டிருக்கிறேன். சன்னலிலிருந்து ஏழாவது கோயிலான பசிலிக்கா தெரிகிறது. அதன் சுவரிலிருந்து கல் ஆமைகள் எட்டிப் பார்க்கின்றன. அங்கிருந்து என் வீடு வரை ஒரே செங்குத்து. பாதி ஏற்றத்தில் ஒரு சாம்பல் நிறச் சால்வை நிற்கிறது. மூச்சு வாங்குகிறது. சட்டியைக் கை மாற்றுகிறது. மறுபடி ஏறுகிறது. என் அக்காவைப் போல இந்த ஊரில் நடக்க ஆள் கிடையாது, சொல்லிவிட்டேன்.

முடிவுகள் என்னிடம் இரண்டு இருக்கின்றன. ஒன்று: அவன் கதவைத் திறக்கிறான், இருவரும் அழுகிறார்கள். நாடகம். இரண்டு: வீட்டில் ஆளில்லாத மாதிரி மூச்சை அடக்கிக்கொண்டு இருக்கிறான். இதுதான் லியோனிடாஸ் செய்யக்கூடியது. வெட்கங்கெட்டவனுக்கு வெட்கம் வரும்போது இப்படித்தான் செ—

தட்டுகிறாள்.

"டேய்! உள்ளதான் இருக்க, வெளக்கு தெரியுது. மழ வருதுடா."

நான் எழுதிக்கொண்டேயிருக்கிறேன்.

"இந்தத் தடவயும் தோலோடதான் போட்டிருக்கேன். பாதிய உரிச்சேன், மீதிய உனக்குன்னு விட்டுட்டேன். உக்காந்து உரிச்சுத் தின்னு."

ஸ்பெயினுக்குக் கட்டிய இரண்டு பெட்டிகளையும் கதவை ஒட்டித்தான் வைத்திருக்கிறேன். நகர்த்த இரண்டு கையும் வேண்டும். மீதியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், நான் பேனாவைக் கீழே வைக்கிறேன்.