ஆணிக்காரரின் ஆட்டவிதிகள்

என் வீட்டுக்காரர் டோகுஜி போனில் ரூலெட் என்கிற சக்கரச் சூதாட்டம் ஆடுவதற்கு வைத்திருந்த விதிகளைக் கேட்டால், ஏதோ கோயில் விரதம் என்று நினைப்பீர்கள். நின்றுகொண்டுதான் ஆட வேண்டும்; கால் வலித்தால் அன்றைய ஆட்டம் முடிந்தது. தோற்றால் அடுத்த சுற்றில் கையைக் கட்டிக்கொண்டு சும்மா பார்க்க வேண்டும். சிவப்பு வரிசையாக வந்தால், இனிமேல் கறுப்புதான் என்று அதன் பின்னால் ஓடக் கூடாது. எல்லாவற்றையும் ஒரு வாரம் ஒழுங்காகக் கடைப்பிடித்தார். அப்புறம் கால் வலிக்கிறது என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அமாகசாகி ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறது என் கடை. இரும்புக் கல்லில் முட்டைக்கோஸ் அடை போடுவது தொழில். மத்தியானக் கூட்டம் போனதும், கடை திறந்திருக்கிறது என்று காட்டும் வாசல் துணியைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு நான் பாத்திரம் கழுவுவேன். அவர் கல்லோரமாக, சாஸ் பாட்டிலில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு உட்காருவார். போனுக்குள் எங்கோ ஒரு ஆள் நிஜச் சக்கரத்தைச் சுற்றிக் குண்டை எறிவார்; அதில் வேக மேஜை என்று ஒன்று, ஆடினால் அதில்தான் ஆடுவார். அரை நிமிஷத்துக்கு ஒரு சுற்று. ஒரு தட்டைத் துடைத்து வைப்பதற்குள் ஒரு தோல்வி.

“மத்த மேஜையில குண்டு எறியறதுக்கு முன்னாடியே பணத்தை வச்சிரணும். கண்ண மூடிக்கிட்டுக் கிணத்துல குதிக்கிற கதை. இதுல அப்படியில்ல. குண்டு ஓட ஆரம்பிச்சப்புறமும் வைக்கலாம். எறிஞ்ச கையைப் படிக்கத் தெரிஞ்சவனுக்கு இது சூதாட்டமே இல்ல, வேலை.”

“வேலைன்னா மாசம் பொறந்தா சம்பளம் வரணும் சாமி. எங்க, காணோம்?”

“உனக்கு எதுக்கெடுத்தாலும் நக்கல்.”

கை என்று அவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஜப்பானில் தெருவுக்குத் தெரு இருக்கும் பச்சிங்கோ சூதாட்டக் கூடம் ஒன்றில் முப்பது வருஷம் ஆணிக்காரராக இருந்தவர். அந்தப் பலகைகளில் இரும்புக் குண்டுகள் ஆணிகளுக்கு நடுவே முட்டி மோதிக்கொண்டு விழும். கடை சாத்தியபின் சின்னச் சுத்தியலால் ஆணியை மயிரிழை சாய்ப்பது அவர் வேலை. மறுநாள் யாருக்கு விழும், யாருக்கு விழாது என்பது அந்த மயிரிழையில் இருந்தது. நானே அங்கே ஆடப் போனவள்தான். ஜன்னலோர எந்திரத்தில் எனக்கு மட்டும் கொட்டோ கொட்டென்று கொட்டியது. “உனக்காகத்தான் ஆணியைத் தளர்த்தினேன்” என்று ஒரு நாள் காதோரம் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்கு மயங்கித்தான் கழுத்தை நீட்டினேன்.

பல வருஷம் கழித்துக் கூடத்து முதலாளி செத்துப்போனார். துக்கத்துக்குப் போன இடத்தில் அவர் மனைவி சிரித்துக்கொண்டே சொன்னாள்: ஜன்னலோரத்தில் ஒரு பெண் ஜெயித்தால் தெருவில் போகிறவன் உள்ளே வருவான், அதனால் அங்கே உட்காருகிற பெண்ணுக்கு ஆணியைத் தளர்த்தி விடச் சொல்லி முதலாளியின் உத்தரவாம். எந்தப் பெண்ணாக இருந்தாலும் சரியாம். டோகுஜியிடம் கேட்டேன். “உத்தரவும் இருந்துச்சு, உனக்காகவும்தான் செஞ்சேன்” என்றார். பொய்யில்லை, அதை அவர் நம்பினார். பலகைக்குப் பின்னால் ஒரு கை இருக்கிறது, அந்தக் கைக்கு மனசு இருக்கிறது என்று கடைசிவரை நம்பிய மனிதர்.

எங்களுக்கு ஒரே பெண், மினோரி. வீட்டில் எப்போதும் ஏதோ ஒன்று உருண்டுகொண்டே இருக்கிறது என்று சொல்லிவிட்டு மணிலாவுக்குப் போனாள். போன இடத்தில் கிடைத்த வேலையைப் பாருங்கள்: கேமரா முன்னால் நின்று, நம் ஜப்பானிய பாஷையில் பேசிக்கொண்டே ரூலெட் சக்கரம் சுற்றும் வேலை. அங்கே அவள் பெயர் லூனா. கறுப்பு உடையில் சக்கரத்தோடு நிற்கிற படம் ஒன்றை எனக்கு மட்டும் அனுப்பியிருந்தாள். அவர் என் போனில் வானிலை பார்க்கிறேன் பேர்வழி என்று அதைப் பார்த்துவிட்டார். பின்சுவரில் இருந்த தங்க இலைச் சித்திரத்தை அடையாளம் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சூதாட்டத் தளமாகப் போனில் தேடினார்.

“மினோரிடி! இங்க வந்து பாரு, நம்ம மினோரி!” என்று ஒரு மத்தியானம் கத்தினார். சோப்புக் கையோடு ஓடினேன். இரண்டு புத்தாண்டுக்கு வீடு வராத பெண், சாஸ் பாட்டிலில் சாய்ந்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

“பணம் வைக்காம சும்மா பாத்தா கொஞ்ச நேரத்துல வெளிய தள்ளிருவான்” என்றார். “பிள்ளையைப் பாக்கணும்னா வச்சுதான் ஆகணும்.”

நானும் வாயை மூடிக்கொண்டேன். பார்க்க வேண்டும் என்கிற ஆசை எனக்கும் இருந்ததே. அவர் ‘ஆணி’ என்று பெயர் வைத்துக்கொண்டு ஆடினார். ஜெயித்தால் அவள், “வாழ்த்துகள், ஆணி அவர்களே” என்பாள். ஜெயித்தவர் எல்லாருக்கும் அதே வாழ்த்து, அதே சிரிப்பு. இவர் முகம் மட்டும் ஒவ்வொரு தடவையும் பூரித்துப்போகும்.

அவளுடைய ஓய்வு நாளில் போன் வந்தது.

“அம்மா, ஆணின்னு ஒருத்தர் என் மேஜைக்கு வர்றாரே. அது அப்பாதானே?”

“உன்னைப் பாக்கத்தான்டி வர்றாரு.”

“பாக்கணும்னா விமானம் ஏறி வரச் சொல்லு. சொந்தக்காரங்க என் மேஜையில ஆடக் கூடாதும்மா. தெரிஞ்சா நின்ன நிலையில அனுப்பிருவாங்க. நான் இன்னும் யார்கிட்டயும் மூச்சு விடல. எனக்கு இங்க புடிச்சிருக்கு. நிம்மதியாத் தூங்கறேன். தயவுசெஞ்சு அவரை நிறுத்து.” அப்புறம் கேட்டாள். “நீயும் பாக்கறியா?”

“சில நாள்.”

“எப்படி இருக்கேன்?”

“கன்னம் வத்திப்போச்சு. நேரத்துக்குச் சாப்பிடு.”

அவரிடம் சொன்னேன். பயப்படுவார் என்று நினைத்தேன். கண்ணில் விளக்கு எரிந்தது.

“அவளுக்குத் தெரிஞ்சிருச்சா? அப்ப இனிமேதான் ஆட்டமே.”

“காதுல என்ன அடைச்சிருக்கு உங்களுக்கு? வேலை போயிரும்கறா!”

“வெளிய அப்படித்தான் சொல்லுவா. உனக்கு விட்டேன்னு நானும் கூடத்துல யார்கிட்டயாவது சொன்னேனா? என் மக கை அது. எப்படி எறிவான்னு எனக்குத் தெரியாதா? எனக்கு விடுவா பாரு.”

அன்றோடு பழைய விதிகளெல்லாம் குப்பைக்குப் போயின. இப்போது ஒரே விதி: மகள் கை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் வை. அவள் கட்டைவிரலைப் பார்ப்பார், மணிக்கட்டைப் பார்ப்பார், இருமினால்கூட அதில் ஒரு எண்ணைக் கண்டுபிடிப்பார். போனைப் பிடுங்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார். தோற்கத் தோற்க அவருக்கு அவள்மேல் கோபம் வந்தது.

“அழுத்தமா எறியறா. வேணும்னே எறியறா.”

ஆடுபவர்கள் எழுதுவது அவள் எதிரே ஒரு திரையில் ஓடும். ஒரு செவ்வாய்க்கிழமை அவர் எழுதத் தொடங்கினார். ‘மணிக்கட்டைத் தளர்த்து.’ அவள் படித்துவிட்டு, “ஆலோசனைக்கு நன்றி, ஆணி அவர்களே” என்று சிரித்தாள். அடுத்த சுற்றும் போயிற்று. நான் கல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்ப்பதற்குள் அனுப்பிவிட்டார்.

‘மினோரி, அப்பாவுக்கு ஒரு தடவை விடு.’

அவள் சிரிப்பு அப்படியே இருந்தது. காது இரண்டும் மட்டும் சிவந்துபோயின. சின்ன வயதில் வகுப்பில் திட்டு வாங்கிவிட்டு வருகிறபோது அப்படித்தான் சிவக்கும். “பந்தயம் வைக்கும் நேரம் முடிந்தது” என்றாள். குண்டு விழுந்தது, எண்ணைச் சொன்னாள். பின்னாலிருந்து ஒரு கை அவள் தோளைத் தொட்டது. கேமராவைப் பார்த்துத் தலை குனிந்துவிட்டு விலகினாள். அவள் இடத்தில் வேறொரு பெண் வந்து நின்று வணக்கம் சொன்னாள்.

“என்ன விழுந்துச்சு? சரியாக் கேக்கல, என்ன விழுந்துச்சு?” என்றார் இவர். கையில் இருந்த தோசைத்திருப்பியை அவர் தலையில் போடாமல் இருந்ததே பெரிய விஷயம்.

அன்று சாயங்காலம் மினோரி பேசினாள். அழவில்லை, திட்டவும் இல்லை.

“வேலை போச்சும்மா. வீட்டுக்கு வரமாட்டேன். வேற ஊருக்குப் போறேன், எங்கேன்னு கேக்காதே. சொன்னா உன்கிட்டேர்ந்து கறந்துருவாரு.”

அவரிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சாப்பாட்டைத் தொடவில்லை. பாவமாகத்தான் இருந்தது. எத்தனை ஆடினாலும் பெற்ற மனசு இல்லாமல் போகுமா, பிள்ளையைப் பார்க்கத்தான் ஆடினார், இதோடு விட்டுவிடுவார் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் போன் மறுபடியும் சாஸ் பாட்டிலில் சாய்ந்திருந்தது.

“அவ திரும்பி வந்திருக்காளான்னு பாக்கறேன்” என்றார். அந்தப் புதுப் பெண்தான் நின்றாள். பார்த்துக்கொண்டிருந்தவர் கொஞ்ச நேரத்தில் பணம் வைத்தார். எப்படியோ விழுந்துவிட்டது. “வாழ்த்துகள், ஆணி அவர்களே” என்றாள் அவள்.

“இந்தப் பொண்ணு நிதானமா எறியுது” என்றார் என் பக்கம் திரும்பாமலே. “மினோரி எப்பவுமே அவசரக்காரி. இது கையைப் படிக்கச் சுலபம்.”

நான் தட்டைத் துடைத்து அடுக்கினேன். திட்டுவதற்குக்கூட ஒருவர்மேல் கொஞ்சம் ஆசை மிச்சம் இருக்க வேண்டும்.

இலையுதிர் காலத்தில் ஒரு மத்தியானம் என் போன் அடித்தது. கல்லுக்கு அந்தப் பக்கம் அவர் ஆடிக்கொண்டிருந்தார். மினோரி. ஓர் ஊர்ப் பெயரைச் சொன்னாள். ஒரு பேக்கரியில் சேர்ந்திருக்கிறாளாம், வாடகை வீட்டு ஜன்னலில் கடல் தெரிகிறதாம், மழைக்காலம் முடிந்ததும் நான் வரலாமாம். “சரி, சரி” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன்.

“யாரு?” என்றார்.

“முட்டைக்கோஸ்காரன்.”

“என்னவாம்? விலை ஏறிருச்சாமா?” கண் சக்கரத்தின் மேலேயே இருந்தது.

“ஆமா” என்றேன். “ஏறிருச்சாம்.”