மூன்று சுற்று முடிச்சு

மொட்டைமாடி இரும்புத் தூணில் கட்டிய புதுக் கயிற்றில் நெட்டையன் மறுபடியும் முடிச்சைப் போட்டு, உடம்பின் கனத்தை அதன்மேல் சாய்த்துப் பார்த்தான். முடிச்சு அரைச் சாண் வழுக்கியது.

பதினாலு மாடிக் கண்ணாடியைத் துடைப்பவனுக்கு இரண்டு கயிறு. ஒன்றில் உட்காரும் பலகை தொங்கும், மற்றது உயிர்க்கயிறு. அதன்மேல் சன்னமான சின்னக் கயிறு ஒன்றை மூன்று சுற்றுச் சுற்றி இடுப்புவாரில் மாட்டிக்கொள்வான். கையால் தள்ளினால் முடிச்சு நகரும். ஆள் விழுந்தால் கவ்வும். சின்னது சன்னமாக இருந்தால்தான் கவ்வும். இன்று வந்த புது உயிர்க்கயிறும் சின்னக் கயிறும் ஒரே தடிமன். நாலு சுற்று, ஐந்து சுற்று போட்டும் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை.

"இது புடிக்காது சார். என் பழைய சன்னக் கயித்தக் குடுங்க."

"அத நேத்தே வெட்டிப் போட்டாச்சு. இது ரெண்டுலயும் சீல் இருக்கு," என்றார் சூப்பர்வைசர்.

"சீலா சார் என்னத் தாங்கும்?"

"பயந்தா எறங்காத. கீழ வேலை கேட்டு நாலு பேர் நிக்கிறாங்க." படிவத்தை நீட்டினார். 'முடிச்சைச் சோதித்தேன், பிடிக்கிறது' என்று அச்சடித்திருந்தது, கையெழுத்துதான் பாக்கி.

கூட வேலை செய்யும் மச்சான், மனைவியின் அண்ணன், காதோரம் வந்தான். "எவனோ வாத்தியக்காரன் அறுந்த நரம்ப ஒட்டுப்போடக் கண்டுபுடிச்ச முடிச்சாம் மாப்ளே. நமக்குச் சங்குதான் ஊதும்போல."

நெட்டையனுக்குச் சிரிப்பு வரவில்லை. போன மாதம் இறங்க மாட்டேன் என்றவனை இன்றுவரை கேட்டுக்குள் விடவில்லை. கையெழுத்துப் போட்டான்.

"இரு. என் தங்கச்சிக்கு யாரு பதில் சொல்றது?" மச்சான் வாளி இறக்கும் கயிற்றை எடுத்து, ஒரு முனையை நெட்டையனின் இடுப்புவாரில் கட்டினான். மறுபக்கத்தைத் தூணில் ஒரு சுற்றுச் சுற்றி இரண்டு கையாலும் பிடித்தான். "நான் விட விட நீ எறங்கு."

நெட்டையன் சுவரைத் தாண்டிப் பலகையில் உட்கார்ந்தான். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு என்பார்கள். அவன் உயிர் இப்போது மச்சான் கையில் இருந்தது. காற்று பலகையைத் திருப்பியது. அடிக்கொரு தரம் இடுப்புக் கயிறு விறைப்பாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தபடி இறங்கினான்.

மேலே சூப்பர்வைசரின் குரல் கேட்டது. "ஆபீசுக்குப் போட்டோ அனுப்பணும். எட்டிப் பாத்தா எனக்குத் தல சுத்தும். வந்து என் இடுப்பப் புடி."

"கயிறு சார்..."

"ஒரு நிமிசம்தான்யா."

இடுப்பில் கயிறு தளர்ந்தது. நெட்டையன் அண்ணாந்து பார்த்தான். செல்போனை நீட்டிக்கொண்டு சூப்பர்வைசர் சுவருக்கு வெளியே குனிந்திருந்தார். அவருடைய இடுப்பை மச்சானின் இரண்டு கைகளும் கெட்டியாகப் பிடித்திருந்தன.